ரக்பிக்காரர்களும் என் லெஃப்ட் கார்னரும்

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது நான் அவளைப் பாராட்டுவது மாதிரித் தெரிந்தால் அது என் எழுத்தின் கோளாறு.

அவள் என்றால் ரக்பிக்காரி. சென்னையில் ரக்பி ஆடி ஓய்ந்தவர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய், இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஷூவும் முட்டையும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து ரக்பி சொல்லித்தருவது அவர்கள் வேலை. போன வருஷம் ஆடி மாதம் அரிமளத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு மூன்று பேர் வந்து இறங்கினார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஆண்களில் ஒருவருக்குக் காது நசுங்கி, வேகாத இட்லி மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைவிட ஒரு சாண் உயரம். இடது முழங்காலில் கறுப்புப் பட்டை போட்டு, லேசாக விந்தி நடந்தாள். அரைக்கால் சட்டை போட்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதில் அரைக்கால் சட்டையோடு எங்கள் பொட்டலில் நடந்த முதல் பெண் அவள்தான். அதற்கே எனக்கு வயிறு எரிந்தது. எனக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கு என் அரைக்கால் சட்டையை அம்மா கரித்துணியாக்கிவிட்டாள்.

அந்தப் பொட்டல் என்னுடையது. பட்டா கிடையாது, கண்மாய்க் கரைக்குக் கீழே கிடக்கும் புறம்போக்குதான். ஆனால் அங்கே கருவேல முள்ளை வெட்டியவள் நான். செம்மண்ணைச் சலித்துக் கொட்டியவள் நான். பதினொரு வருஷமாக அங்கே பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பது என் வேலை. மத்தியானம் சோறு போட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலம் பொட்டலுக்குப் போய்விடுவேன். யாரும் செய்யச் சொன்னதில்லை.

அவர்கள் தலைமையாசிரியரிடம் பேசினார்கள். ஊராட்சித் தலைவரிடம் பேசினார்கள். என்னிடம் பேசவில்லை. மறுநாள் பொட்டலில் பேனர் தொங்கியது. 'பின்தங்கிய குழந்தைகளுக்கு' என்று அதில் போட்டிருந்தது. நாங்கள் பின்தங்கியவர்கள் என்பது அதைப் படித்துத்தான் எங்கள் ஊருக்கே தெரிந்தது.

வாரத்தில் மூன்று நாள் பாதிப் பொட்டல் அவர்களுக்கு. அவர்கள் பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு முனையும் கூம்பி நீளமாக இருக்கும். முதலில் இரண்டு பிள்ளைகள் போனார்கள். அடுத்த வாரம் நாலு. என் பக்கம் கபடிக்கு ஏழு பேர் தேறவில்லை. மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"என்னத்தா, ஒன் ஆளுகள்லாம் பப்பாளிப் பழத்தத் தூக்கிக்கிட்டு அங்கிட்டு ஓடுதுக?"

"ஒங்க கடையில வாங்குன பப்பாளியா இருக்கும். அதான் கல்லு மாதிரி இருக்கு" என்பேன். சொல்லிவிட்டு வந்தாலும் உள்ளே காந்தும்.

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு முட்டை கொடுத்தார்கள். அதைப் படம் எடுத்தார்கள். மத்தியானம் நான் அவித்துப் போட்டதும் முட்டைதான். என்னை யாரும் படம் எடுத்ததில்லை. அவளைப் பிள்ளைகள் "கோச்" என்று கூப்பிட்டார்கள். என்னை எப்போதும் "அத்தை"தான்.

இதெல்லாம் சின்ன எரிச்சல். என் லெஃப்ட் கார்னரும் அங்கே போனதுதான் பெரிய அடி.

கபடியில் இடது ஓரத்தில் நின்று, பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பவள்தான் லெஃப்ட் கார்னர். கல்யாணத்துக்கு முன்னால் மாவட்ட அணியில் நான் நின்ற இடம். அதில் இப்போது ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை நிறுத்தியிருந்தேன். அவள் அம்மா தைலமரக் காட்டில் பட்டை உரிக்கப் போகிறவள். ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளைக்கு ஒன்றையேதான் சொன்னேன்: பிடித்தால் பாட்டு நிற்கிறவரை விடாதே. பாடி வந்தவள் மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் நம் ஆள் அவுட். அதனால் அவள் மூச்சு போகிறவரை பிடியைத் தளர்த்தக் கூடாது. பல் உடைந்தாலும் விடக் கூடாது.

"ரெண்டும் ஆடுறேன் அத்தை" என்றாள்.

"ரெண்டு அடுப்புல ஒரே நேரத்துல சமைக்க முடியுமாடி?"

"நீங்க தெனம் சமைக்கிறீங்கள்ல?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தெளிக்கப் போய்விட்டேன்.

தை மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி மைதானத்தில் அவர்களுக்கு ரக்பிப் போட்டி. குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர்கள் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். தோற்றார்கள். பந்தோடு ஓடுகிறவளை என் லெஃப்ட் கார்னர் பிள்ளை பாய்ந்து காலில் பிடித்தாள். அழகான பிடி. அவள் விழுந்தாள். ரக்பியில் விழுந்தவளை உடனே விட்டுவிட்டு விலக வேண்டுமாம். என் பிள்ளை விடவில்லை. விசில் ஊதிப் பந்தை எதிராளிக்குக் கொடுத்தார்கள். மறுபடி பிடித்தாள், மறுபடி விடவில்லை, மறுபடி விசில். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குச்சி ஐஸ் வாங்கித் தின்றேன். எத்தனை ஷூ கொடுத்தாலும், எத்தனை முட்டை கொடுத்தாலும் அந்தக் கையில் இருந்தது என் பாடம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் ரக்பிக்காரி சத்துணவுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, பிஸியா இருக்கீங்களா?"

"பாத்தா தெரியலீங்களா மேடம்? சாம்பார் கொதிக்குது."

"அந்தப் பொண்ணு பிடியை விட மாட்டேங்குறா. ஆறு மாசமா சொல்லிட்டேன், வீடியோவும் போட்டுக் காட்டிட்டேன். கீழே விழுந்தாதான் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறா."

"நான் சொல்லிக்குடுத்தது. அப்படித்தான் இருக்கும்."

"தெரியும்க்கா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

இன்னும் மூன்று வாரத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்களாம். எடுத்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவள் ஓட்டத்துக்கு எடுத்துவிடுவார்களாம், இந்தப் பிடி ஒன்றுதான் குறுக்கே நிற்கிறதாம்.

"எடுத்தா எங்க போவா?"

"சென்னைப் பக்கம்."

"அப்ப என் கார்னர்ல யாரு நிக்கிறது? நீங்களா?"

எனக்குப் போதவில்லை. இன்னும் குத்த வேண்டும் போலிருந்தது. "ஒங்க முட்டி எப்படிப் போச்சு?" என்றேன்.

"எங்க டீம் ஆளே மேல விழுந்துட்டா. அதோட ஆட்டம் முடிஞ்சுது. ரெண்டு வருஷம் டிவி முன்னாடியே கிடந்தேன். அப்புறம் பந்தைத் தூக்கிட்டு இப்படிக் கிளம்பிட்டேன்."

அதைக் கேட்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஆட்டம் போனதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, பட்டை போட்டுக் காட்டுகிற மாதிரி. "என் முட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

"சொல்லிக்குடுங்கக்கா."

"முடியாது. பேரு ஒங்களுக்கு, பாடு எனக்கா? போயிட்டு வாங்க."

போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து நான் என் பாதிப் பொட்டலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் "ரிலீஸ்! ரிலீஸ்!" என்று ஒரே கத்தல். என் பிள்ளை, எதிரே ஆடிய ஒருத்தியின் காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள். இட்லிக் காதுக்காரர் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரி. பிள்ளை கண்ணில் தண்ணீர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. வாளியைப் போட்டுவிட்டு, செருப்புக் காலோடு அவர்கள் கோட்டுக்குள் போனேன்.

"கைய எடுங்க சார்" என்றேன். அவர் எடுத்தார். "அடியே, பாட்டு எப்ப நிக்கும்?"

"மூச்சு போனா நிக்கும் அத்தை."

"இவுக ஆட்டத்துல பாட்டு கெடையாது. ஊமை ஆட்டம். அதான் எப்ப விடுறதுன்னு ஒனக்குத் தெரியல. நல்லாக் கேட்டுக்க. அவ முட்டி தரையில பட்டா மூச்சு போச்சு. அவ அவுட்டு. அவுட்டானவளக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு யாராச்சும் கெடப்பாளாடி?"

திரும்ப ஆடவிட்டார்கள். பாய்ந்தாள், பிடித்தாள். விழுந்தவளின் முட்டி மண்ணில் பட்டதும் கை திறந்துகொண்டது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். ஆறு மாதமாக முடியாதது ஆறு நிமிஷத்தில் முடிந்தது. ரக்பிக்காரி கை தட்டினாள். "தேங்க்ஸ் அக்கா" என்றாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் எதிர்காலத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். நான் பழக்கிய கையை இன்னொரு ஆள் தப்பாகத் தொடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊர் அணியோடு எங்களுக்குக் கபடி. அவர்கள் ஆள் பாடி வந்தாள். என் லெஃப்ட் கார்னர் கணுக்காலைப் பிடித்தாள். வந்தவள் முட்டி போட்டு விழுந்தாள். முட்டி பட்டதும் என் பிள்ளையின் கை திறந்துகொண்டது. வந்தவள் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்து போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள்.

மளிகைக்கடைக்காரர் சத்தமாகச் சொன்னார்: "என்னத்தா, ஒன் கார்னரு காலத் தொட்டுக் கும்பிட்டு வழியனுப்பி வைக்குது!"

ஊரே சிரித்தது. அதற்கப்புறமும் இரண்டு தடவை அப்படியே நடந்தது. தோற்றோம்.

பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். "கை தானாத் தொறந்துருது அத்தை."

எனக்கும் அது தெரிந்துவிட்டது. அந்தக் கையில் இரண்டு பழக்கம் தங்காது. ஐந்து வருஷம் கட்டியதை நானே ஒரு வாக்கியத்தில் அவிழ்த்துவிட்டேன். மறுபடி கட்டவும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் போதும். செலக்சனுக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளையிலருந்து இங்கிட்டு வராத" என்றேன்.

"கோவமா அத்தை?"

"கோவந்தான். பின்ன என்ன? அங்கிட்டே ஆடு. செலக்சன் முடியிற வரைக்கும் இந்தக் கோட்டுக்குள்ள கால வச்ச, ஒடச்சுப்புடுவேன்."

எடுத்துவிட்டார்கள். பேப்பரில் படம் வந்தது. நடுவில் பிள்ளை, ஒரு பக்கம் பட்டை போட்ட முட்டி, இன்னொரு பக்கம் இட்லிக் காது. 'கிராமத்தில் கண்டெடுத்த திறமை' என்று போட்டிருந்தது. கண்டெடுத்தார்களாம். கீழே கிடந்தாளா? அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சத்துணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைக்காக. மற்ற இரண்டு பேரும் அதே படத்தில் இருப்பதற்கு நான் என்ன செய்ய?

இப்போது லெஃப்ட் கார்னரில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நிற்கிறாள். கால் வேகமாக இருக்கிறது, கைதான் வெண்டைக்காய் மாதிரி வழுக்குகிறது. நேற்று ரக்பிக்காரி கோட்டோரம் வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சின்னப் பொண்ணு நல்லா ஓடுறாக்கா."

"கண்ண அங்கிட்டு எடுங்க மேடம்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, ரக்பிக்காரிக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு தடவை சொன்னேன்: பாட்டு நிற்கிறவரை விடாதே.