அப்பா ஏற்காடு ஏறிய நாள்

மாலை நாலு இருபதுக்கு எதிர்வீட்டுத் தொலைபேசி இரண்டு முறை அடித்துவிட்டு நின்றது. எங்கள் வீட்டின் நிம்மதி போனது அப்போதுதான்.

அதே தொலைபேசி அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கும் அதேபோல இரண்டு முறை அடித்து நின்றிருந்தது. சிக்கல் அதில்தான்.

அப்பா திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கிளார்க். நாற்பது வயது முடிவதற்குள் ஒரு மலையையாவது சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. கூட வருவதாகச் சொன்ன இருவரில் ஒருவர் கல்யாணம் என்றும் மற்றவர் காய்ச்சல் என்றும் ஒதுங்கிக்கொள்ள, தனியாகவே கிளம்பிவிட்டார். முதல் நாள் விழுப்புரம் வழியாகக் கள்ளக்குறிச்சி, மறுநாள் சேலம், மூன்றாம் நாள் ஏற்காட்டு மலை. பிறகு சைக்கிளை பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது. கியர் கிடையாது, வழக்கமாகப் பள்ளிக்குப் போய்வரும் சைக்கிள்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. வெளியூரிலிருந்து எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினால் செலவு. இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டால் செலவே இல்லை. "ரெண்டு அடிச்சி நின்னா நான் நல்லபடியா போய்ச் சேந்துட்டேன்னு அர்த்தம்" என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது மணிவரை எடுக்கக் கூடாது என்று எதிர்வீட்டு அம்மாளுக்கும் சொல்லியாயிற்று.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தது. சேலத்திலிருந்தும் வந்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வந்தபோது அம்மா சிரித்தாள். அப்பா கிளம்பியதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பாத்தியா, உங்கப்பா ஜெயிச்சிட்டாரு" என்றாள். கேசரி கிளறினாள். எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கினாள்.

அதற்கப்புறம்தான் நாலு இருபது. எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து வேகமாக வந்தார்.

"மறுபடியும் ரெண்டு அடிச்சி நின்னு போச்சிம்மா."

"அதான் மத்தியானமே வந்துட்சேக்கா."

"அதான் நானும் கேக்கறேன். இது இன்னாத்துக்கு?"

இரண்டு மணிக்குப் பொருள் வைத்திருந்தோம். அது ஒரே மலைக்கு இரண்டு தடவை வந்தால் என்னவென்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

விழுப்புரத்திலிருந்த மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, எதிர்வீட்டுத் தொலைபேசியிலிருந்தே சொன்னார்கள். இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வந்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேலியில் ஆரம்பித்தார்.

"மச்சானுக்கு வயசாயிட்சி. மத்தியானம் அடிச்சத மறந்துட்டு திரும்பவும் அடிச்சிருப்பாரு."

"வெளாடாதண்ணா. எதுனா ஆயிருக்குமா?"

"சேச்சே. யாரு கைலயாவது நம்பரு கெடச்சி, அவங்க எதுனா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

எதிர்வீட்டு எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்தனுப்பியது அம்மாதான். வேறொருவர் அந்தப் பையில் கைவிட்டு அதை எடுக்க வேண்டுமென்றால் அப்பா எப்படிக் கிடந்திருக்க வேண்டும் என்பது எனக்கே புரிந்தது. யாரோ கூப்பிட்டு, சொல்ல வாய் வராமல் வைத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். அன்று அடுப்பு எரியவில்லை. விடிந்ததும் மாமா சேலத்துக்கு பஸ் ஏறினார்.

போன மாதம் என் மகள் தனியாகச் சைக்கிளில் ஜவ்வாது மலை ஏறினாள். காலையில் சிரித்த முகத்தோடு ஒரு படம் அனுப்பினாள். அதன்பின் சாயங்காலம்வரை அவள் போன் கிடைக்கவில்லை. மலையில் டவர் இல்லையாம். பத்திரமாக வந்துவிட்டாள். ஆனாலும் அன்றைய நாளில் எந்த மணி நேரத்தில் நான் பயந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைக் கேட்கவும் தைரியம் வரவில்லை. அவள் வந்த நாளிலிருந்து நான் திரும்பத் திரும்ப நினைப்பது அப்பா வந்த பிற்பகலைத்தான்.

தெருமுனையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு. அவரும் மாமாவும் வழியில் எங்கோ எதிரெதிர் பஸ்ஸில் ஒருவரையொருவர் கடந்திருக்க வேண்டும். அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எத்தினி மணிக்கு மேல போய்ச் சேந்தீங்க?"

"நாலு மணிக்கு மேல ஆயிட்சி. சேந்த ஒடனே பூத்துக்குப் போயி ரெண்டு அடிச்சேனே, வர்லியா?"

"வந்துச்சி."

அப்படியென்றால் மதியம் அடித்தது யாரோ, எந்த ஊரிலிருந்தோ, யாருக்காகவோ.

"அப்ப பன்னண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?"

அப்பா தண்ணீரைக் குடித்து முடித்தார். அவருடைய உள்ளங்கை மார்பின்மேல் போய் நின்றது.

"பன்னண்டுக்கா? பாதி மலையில, ரோட்டோரமா படுத்துக்கினு இருந்தேன். ஒரு லாரிக்காரரு எறங்கி வந்து, மூஞ்சில தண்ணி தெளிச்சி எழுப்புனாரு."

ரோட்டில் படுத்துத் தூங்கும் அப்பாவை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் நீட்டிய சொம்பை வாங்காமல் அம்மா ஏன் அப்படியே நின்றாள் என்று எனக்கு விளங்கவில்லை.