மடிப்பில் போன பாதை

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரண்டு வேலைகள் மிஞ்சின. ஆரணியில் யார் வந்து கேட்டாலும் மனு எழுதிக் கொடுப்பது ஒன்று. பழைய வரைபட நகல்களைக் கூடத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு என் மனைவியைப் பெருக்க விடாமல் செய்வது இன்னொன்று. முதல் வேலையை ஊர் மதித்தது. இரண்டாவதை வீடு மதிக்கவில்லை.

நில அளவைத் துறையில் வரைவாளராகச் சேர்ந்து, கடைசி நாள்வரை கோடு போட்டே சம்பளம் வாங்கியவன் நான். பணியில் இருந்தபோது வரைபடத்தை ரசிக்க நேரமில்லை. இப்போது இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய வரைபடங்களில் ஊர்களைவிட வழிகள்தான் எனக்குப் பிடிக்கும். தேவிகாபுரத்துக்கு இன்று பஸ் போகும் சாலை வேறு. அந்தக் காலத்து வண்டிப்பாதை ஏரிக்கரையைச் சுற்றி, ஒரு மாந்தோப்பை ஒட்டி, அவசரமே இல்லாமல் போகிறது. சேத்துப்பட்டுப் பாதை வழியிலுள்ள ஒவ்வொரு கிணற்றையும் நலம் விசாரித்துக்கொண்டு போகிறது. கலசப்பாக்கம் பக்கம் ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாதை மூன்றாகப் பிரிந்து அக்கரையில் மறுபடி ஒன்று சேர்கிறது. எங்கே தண்ணீர் குறைவோ அங்கே இறங்கியிருக்கிறார்கள். வரைந்தவர் மூன்றையும் போட்டிருக்கிறார். மேலதிகாரி அவரிடம் எது சரியான பாதை என்று கேட்டிருப்பார். அவர் மூன்றும்தான் என்று சொல்லியிருப்பார். எனக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

ஊருக்குள் வந்தால் நெசவாளர் தெருக்கள் மட்டும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நீளமாக இருக்கும். பாவு நீட்ட, அதாவது தறிக்குப் போகும் நீள நூல்களை இழுத்துக் கட்ட, நேரான தெரு வேண்டும். இன்றும் எங்கள் தெருவில் காலையில் பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருந்தால், மோட்டார் சைக்கிள்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக உருட்டிக்கொண்டு போவார்கள். சிவப்பு விளக்குக்கு நிற்காத ஊர் இதற்கு நிற்கும்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணி மூட்டை, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட மனு. தேவிகாபுரம் சாலையை ஒட்டிய ஒரு காலனியின் வார்டு உறுப்பினர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். வயல் கூலிக்குப் போன குடும்பம். இவர் ஆரணிக் கடைகளிலிருந்து பட்டுப் புடவைகளை எடுத்துப்போய் ஃபால்ஸ் தைத்து, குஞ்சம் முடிந்து கொடுக்கிறார். மூட்டையில் இருந்தவை அந்தப் புடவைகள்.

விஷயம் எளிமையானது. காலனியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நிலத்தின் வழியாக ஒற்றையடிப் பாதை இருந்தது. நிலம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் மனை போடுவதற்காகக் கம்பி வேலி அடித்து, உள்ளே உழுதுவிட்டார். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறார்கள். மழை பெய்தால் அதுவும் இல்லை. பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துச் சேற்றில் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் சாலையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. இந்த நேரத்தில் காலனிக்குத் தார்ச்சாலை போட ஊராட்சிக்கு அனுமதி வந்திருக்கிறது. ஆனால் அரசு வரைபடத்தில் பாதை இருந்தால்தான் போடலாம். மார்ச்சுக்குள் முடிவாகாவிட்டால் சாலை வேறு ஊருக்குப் போய்விடும்.

"மேப்புல இல்லன்றாங்க சார். நான் பொறந்ததுலேர்ந்து அதுலதான் நடந்துகினு இருக்கேன்."

"நடந்தது ஆதாரம் ஆகாதும்மா. வரைபடம்தான் ஆதாரம்."

"அப்போ எங்க காலு இன்னா, கள்ளக் கையெழுத்தா?"

உள்ளே போய் அந்தக் கிராமத்தின் வரைபட நகலை எடுத்து வந்தேன். பாதை இல்லை. வரைந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன்.

"இது நானே போட்டது. என் கோட்டில் தப்பு வந்ததில்லை."

"நீங்களே போட்டதா? அப்போ நீங்களே சேர்த்துக் குடுத்துடுங்க சார். ஒரு கோடுதானே."

ஏன் சேர்க்க முடியாது என்று கால் மணி நேரம் விளக்கினேன். எந்த அலுவலர், எந்தப் பதிவேடு, யாருக்கு மேல்முறையீடு என்று எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கோட்டுக்கு இம்மாம் பேஜாரா?" என்றார்.

இதற்கு முந்தைய பழைய வரைபடம் மாவட்டப் பதிவறையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் என்னுடையதை எடுத்தேன். வேண்டுமானால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். உதவும் எண்ணம் என்று எழுதலாம். உண்மையில், நான் சொன்னது சரி என்று நிரூபிக்கத்தான் போனேன்.

பதிவறையில் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேடணும் சார், அடுத்த வாரம் வாங்க" என்றார். எந்த அலமாரி, எந்தக் கட்டு, கட்டு எந்த நிற நாடாவில் கட்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் அசையவில்லை. "கிடைக்கவில்லைன்னு எழுதிக் கொடுக்கவும் ஒரு படிவம் இருக்கு. அதில் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாங்க போயிடறோம்" என்றேன். டீ வருவதற்குள் வரைபடம் வந்தது.

துணியில் ஒட்டிய தாள். எட்டாக மடித்து வைத்தே பல தலைமுறை கண்டது. மடிப்புகளில் தாள் பழுத்து, நைந்திருந்தது. விண்ணப்பதாரர் தொடக்கூடாது என்பது விதி என்பதால் எழுத்தரே விரித்தார். காலனியைக் காட்டினேன், சாலையைக் காட்டினேன். நடுவில் ஒரு மடிப்பு ஓடியது.

"பாருங்க, ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா குனிந்து மடிப்பைப் பார்த்தார். "இது இன்னா சார், புள்ளி புள்ளியா?"

"தையல் ஓட்டை. மடிப்பு கிழியக்கூடாதுன்னு தைச்சு வச்சிருப்பாங்க. நூல் உளுத்துப் போயிருக்கும்."

யோசிக்காமல்தான் சொன்னேன். பதில் எனக்குள் தயாராக இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, எழுத்தரைப் பார்த்தார். "அண்ணா, கொஞ்சம் திருப்பிப் போடுங்க."

எழுத்தர் திருப்பினார். பின்புறத்துத் துணி மஞ்சளாக, முழுசாக இருந்தது.

"ஊசி இறங்கியிருந்தா இந்தப் பக்கம் வந்துதானே ஆவணும்? நான் தினம் தைக்கறவ சார். துணியில ஒரு ஓட்டைகூட இல்ல. இது தையல் இல்ல, மை."

உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டேன். எழுத்தர் தன் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மைதான். ஒற்றையடிப் பாதைக்கு வரைபடத்தில் போடும் புள்ளிக்கோடு. காலனியில் தொடங்கி மடிப்போடு மடிப்பாக ஓடி, சாலைக்குச் சற்று முன்னால் புள்ளிகள் மடிப்பை விட்டு விலகி, வளைந்து, சாலையில் இறங்கியிருந்தன. மடிப்பு நேராகப் போயிருந்தது. மடிப்பைக் காக்கப் போட்ட தையல் மடிப்பை விட்டு ஏன் வளையப்போகிறது?

அந்த வளைவை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. அதுதான் அன்று என்னை உட்கார வைத்தது. இளம் வரைவாளனாக இந்தத் துணியின் மேல் டிரேசிங் தாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலை நினைவுக்கு வந்தது. வளைவைப் பார்த்து பென்சிலை நிறுத்தியிருக்கிறேன். சந்தேகம் எழுப்பலாம். ஆனால் சந்தேகம் என்றால் குறிப்பு எழுத வேண்டும், குறிப்பு மூன்று மேசை ஏறி இறங்க வேண்டும், யாராவது கிராமத்துக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும். என் கையிலிருந்த வரைபடக் கட்டு ஒரு மாதம் நின்றுவிடும். தையல் என்று முடிவு செய்ய ஒரு நிமிடம் போதும். ஐந்தேகால் பஸ்ஸும் இருந்தது. சரிபார்க்க வேண்டியவர், "நீ போட்டா சரியாத்தான்யா இருக்கும்" என்று பிரிக்காமலே கையெழுத்துப் போட்டார். நடைமுறை தெரியாமல் நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. நன்றாகத் தெரிந்ததால் செய்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ளிகளை விட்டவன் நான்தான்."

"தெரியும் சார். அன்னிக்கே சொன்னீங்களே, நானே போட்டதுன்னு." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போ இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

"பழைய வரைபடத்து நகலோட மனு போடணும். பிழை எப்படி வந்ததுன்னு யாராவது எழுதிக் கொடுத்தா சீக்கிரம் நகரும். நான் எழுதித் தர்றேன்."

"உங்க பென்ஷன் கின்ஷன நிறுத்திடுவாங்களா?"

"அதுக்கு முதல்ல என் ஃபைலைக் கண்டுபிடிக்கணும்."

அப்போதுதான் அவர் சிரித்தார்.

ஊருக்கெல்லாம் பத்து நிமிடத்தில் மனு எழுதுகிறவனுக்கு அந்த அரைப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆனது. முதல் இரண்டு வரைவுகளில் பாதை "விடுபட்டுள்ளது", "கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்" என்றுதான் இருந்தது. என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "யாரு விட்டாங்கன்னு இதுல இல்லியேங்க?" என்றாள். இருபது வருடம் தறியில் உட்கார்ந்தவள். "புடவையில ஒரு இழை விட்டா முதலாளி மூஞ்சிலயே திருப்பிப் போடுவாரு. கவர்மெண்டுல விட்டா பென்ஷன் குடுத்து உக்கார வெப்பாங்க போலிருக்குது." மூன்றாவது வரைவில், நான் விட்டுவிட்டேன் என்று எழுதினேன்.

மனு போன ஒரு வாரத்தில் நிலத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். வேறு யாருமல்ல, எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிப் பட்டுக்கடை வைத்திருப்பவர். நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னாண்ணா, நம்ம தெருவுல இருந்துகினு எனக்கே வேட்டு வெக்கிறியே, நல்லாருக்குதா?"

"உள்ள வா. மனைக்கு அனுமதி கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"எந்தப் பொதுவழியில இருந்து மனைக்குப் போறதுன்னு காட்டியிருக்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்துப் பிரித்தார். அவருடைய நிலம் சாலையைத் தொடுவது பாதை இறங்கும் அந்தக் குறுகிய முனையில் மட்டும்தான். மற்ற பக்கமெல்லாம் பிறர் வயல்.

"பொதுவழி உள்ள வரலைன்னா உன் கோப்பு திரும்பி வரும். நாலு தடவை திரும்பி வரும், ஒவ்வொரு தடவையும் வேற காரணத்தோட. பாதை பாதையாவே இருந்து, நீயும் அதுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் நிலம் எழுதிக் கொடுத்தா, ஊராட்சி உன் மனை நடுவுல தார் ரோடு போடும். உனக்கு வர வேண்டிய ரோட்டுக்கு நீயே வேலி போட்டிருக்க."

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"எத்தினி அடி விடணும்?"

சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

"நீ கேக்கலியே. காலனிக்காரங்க கேட்டாங்க."

பிப்ரவரி கடைசியில் திருத்த உத்தரவு கையெழுத்தானது. என் வாக்குமூலத்தைப் பற்றி எந்த அலுவலகமும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பாதைக்கு எல்லைக் கல் நடும் நாளில் நானும் போனேன். நிலத்துக்காரர் தானே கம்பியை வெட்டி வேலியைத் திறந்துவிட்டார். இப்போதைய நில அளவர் ஒரு இளம்பெண். எங்கள் காலத்து அளவுச் சங்கிலி இல்லை, கம்பத்தில் பொருத்திய கருவியும் கையில் ஒரு திரையும்தான். உழுத நிலத்தில் பாதையின் சுவடே இல்லை. பழைய வரைபடத்தின் புள்ளிகள் திரையில் தெரிந்தாலும், நைந்த தாளை நம்பி மண்ணில் கல் நட முடியாது என்று அவர் தயங்கினார். சரியான தயக்கம்.

"நீங்க எப்படி நடப்பீங்களோ அப்படி நடந்து காட்டுங்கம்மா" என்றார் வார்டு உறுப்பினரிடம்.

அந்த அம்மா மூட்டையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மண்கட்டிகளைப் பார்க்காமல், சாலையைப் பார்த்து நடந்தார். கம்பம் பின்னால் போனது. நில அளவர் திரையைப் பார்த்து, "ஒரு கை அகலம்கூட வித்தியாசம் வரல சார்" என்றார்.

வேலி திறந்திருப்பதைக் காலனியிலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். முதலில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள், பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், பிறகு தலையில் கூடையோடு ஒரு பெண்.

"அளந்து முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வராதீங்க!" என்று நில அளவர் கையை ஆட்டினார்.

"நாங்க எங்க குறுக்க வந்தோம்? நேராத்தான் போறோம்" என்று கூடைக்காரப் பெண் நிற்காமலே போனார். நிலத்துக்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

அதற்குள் தூரத்தில் ஆரணி பஸ் வந்தது. வார்டு உறுப்பினர் திரும்பி, "சார், மீதிய நீங்க பாத்துக்கோங்க, இந்தப் புடவைங்கள மத்தியானத்துக்குள்ள கடையில குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். டிரைவர் நிறுத்தினார். அந்த அம்மா படியில் ஏறி, மூட்டையை உள்ளே தள்ளி, ஒரு கையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

நில அளவர் கம்பத்தோடு சாலையோரத்தில் நின்றார். "கடைசிக் கல்லு எங்க சார் போடறது?"

"அவங்க ஏறின இடத்துல போடுங்க" என்றேன்.