ஒன்றுக்குப் பதில் எல்

ஆவுடையம்மாள் கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிப்பாள். சங்கரன்கோவிலில் நான் பாடம் எடுத்த அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்படி அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் திருவேங்கடத்துக்காரி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கணினி அறிவியலில் பட்டம் வாங்கி, ஒன்றரை வருடம் வேலை தேடி அலுத்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக இந்தப் பள்ளிக்குப் பயிற்றுநராக வந்தேன். பதினொன்றாம் வகுப்புத் தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பது, அட்டவணை போட்டுக் கூட்டுவது, போனில் மரியாதையாகப் பேசுவது, நேர்காணலில் பதில் சொல்வது எல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டும். சரியான வேலை ஒன்றும் கிடைக்காத நானே வேலைக்குத் தயாராவது எப்படி என்று பாடம் நடத்துவதை நினைத்தால் சில நாட்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளத் தோன்றும்.

ஆவுடையம்மாளின் அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அம்மா ஞானபூரணம், தேரடிப் பக்கம் இருக்கும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டையும் அதே கட்டிடத்தில் இருக்கும் இரண்டு அலுவலகங்களையும் பெருக்கித் துடைக்கிறார். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அம்மாவோடு போனவள், யாரும் உட்காராத கடைசி மிஷினில் தட்டிப் பார்த்திருக்கிறாள். தட்டியது பிடித்துப்போனது. இரண்டு வருடத்தில் லோயர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிவிட்டாள். வகுப்பில் அவளுக்கு 'டைப்பு' என்று பட்டப்பெயர்.

பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கண் மருத்துவமனை, மே மாத விடுமுறைக்கு எங்கள் பிள்ளைகளில் நான்கு பேரைத் தேர்வு வைத்துப் பதிவு அலுவலகத்தில் பயிற்சிக்கு எடுக்கப்போகிறது. நன்றாகச் செய்தால் பிளஸ் டூ முடித்ததும் அங்கேயே வேலை. இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தவள் ஆவுடையம்மாள்.

"அவ்வளவு அவசரமாட்டி?" என்று கேட்டேன்.

"எங்கம்மா பெருக்காத ஒரு ஆபீஸ்ல நான் உக்காரணும் மிஸ். இந்த ஊர்ல அது கொஞ்சந்தான் பாக்கி இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். நாற்பது நோயாளிகளின் பெயர், வயது, எத்தனை முறை வந்தார்கள் என்பதை அட்டவணையில் ஏற்றிக் கடைசியில் கூட்டல் போட வேண்டும். மற்றவர்கள் பாதிகூட வராத நேரத்தில் ஆவுடையம்மாள் கையை எடுத்துவிட்டாள். நான் வழக்கம்போல "சபாஷ்" என்றேன். பக்கத்தில் இருந்த லிங்கேஷ் எட்டிப் பார்த்தான். அவன் மெதுவாக அடிப்பான், ஆனால் எதையும் படித்துப் பார்ப்பான்.

"ஏட்டி டைப்பு, நாப்பது பேரு வந்திருக்காங்க. மொத்தமே இருவத்தேழு தடவைதானா? மீதிப் பேரு வாசல்லயே கண்ணு தெரிஞ்சு திரும்பிட்டாங்களோ?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆவுடையம்மாள் திரையை முறைத்தாள்.

"கம்ப்யூட்டர்தாம்ல தப்பாக் கூட்டுது."

நான் குனிந்து பார்த்தேன். சில எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றன, சில இடப்பக்கம். இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஏதோ பட்டனைத் தெரியாமல் அழுத்தியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதமாக அவளுடைய வேகத்தைத்தான் பார்த்தேன், கூட்டலைப் பார்க்கவில்லை.

"ஒன்னு அடி, பாப்போம்" என்றேன்.

வலது கை மோதிர விரல் இறங்கியது.

"அது எல்லுல்லாட்டி?"

"ஆமா மிஸ். ஒன்னுக்கு எல்லுதானே."

"இந்தா, மேல ஒன்னு இருக்கே."

கீபோர்டை அன்றுதான் குனிந்து பார்த்தாள் என்று நினைக்கிறேன். "எங்க மிஷின்ல ஒன்னே கெடையாது மிஸ். ரெண்டுலருந்துதான் ஆரம்பிக்கும். சின்ன எல்லத்தான் ஒன்னுன்னு அடிக்கணும்."

நம்பாமல் அன்று மாலை இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. பழைய மிஷின்களில் எண் வரிசை இரண்டில் தொடங்குகிறது. காகிதத்தில் எல்லும் ஒன்றும் ஒரே கோடு. படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்கோ அது எழுத்து, எண்ணே இல்லை, இடப்பக்கம் ஒதுக்கிக் கூட்டாமல் விட்டுவிடும். மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்த எனக்கு இப்படி ஒரு தப்பு நடக்க முடியும் என்றே தெரிந்திருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லவும் எனக்கு அதுவரை வாய் வந்ததில்லை. மறுநாள் சொன்னேன். ஒருவரும் என்னைக் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆவுடையம்மாள் இன்ஸ்டிடியூட் பக்கம் போகவில்லை. காலை எட்டரை மணிக்கே லேப் வாசலில் நிற்பாள். வலது மோதிர விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். எண் அடிக்கும்போது அந்த விரல் கீழே இறங்கினால் பிளாஸ்திரி உறுத்தும், உடனே இடது சுண்டுவிரலை மேலே தூக்கி ஒன்றைத் தேட வேண்டும். வேகம் பாதியாகக் குறைந்தது.

"டைப்பு பஞ்சரு" என்றான் லிங்கேஷ்.

"சிரில, சிரி. பஞ்சர் ஒட்டிட்டு வாரேன், அப்பப் பாரு."

அவள் படும் பாட்டைப் பார்த்து நான் ஒரு குறுக்குவழி சொன்னேன். எல் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒன்று போடு என்று கம்ப்யூட்டருக்கே உத்தரவு கொடுக்கலாம். அவள் கொடுத்தாள். கண் இமைக்கும் நேரத்தில் எண்கள் சரியாகிவிட்டன. கூடவே, பயிற்சிக்காக நோயாளிகள் என்று ஆங்கிலத்தில் ஏற்றியிருந்த வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களும் மாறிவிட்டன. செல்விக்கு நடுவில் ஒன்று. எல்லில் முடிகிற ஆவுடையம்மாள் ஒன்றில் முடிந்தாள். எல்லில் தொடங்குகிற லிங்கேஷ் ஒன்றில் தொடங்கினான்.

"மிஸ், கம்ப்யூட்டரே எனக்கு நம்பர் ஒன்னு குடுத்துட்டு மிஸ்!" என்றான் லிங்கேஷ்.

"ஒனக்கு முன்னாடிதாம்ல ஒன்னு. எனக்குக் கடைசில. கடைசில வாறதுதான் கூட்டல்ல நிக்கும்" என்றாள் ஆவுடையம்மாள். அது என்ன கணக்கு என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் லிங்கேஷ் வாயை மூடிக்கொண்டான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொல்லும் முன் ஒரு தடவை நான் செய்து பார்த்திருக்க வேண்டாமா?

தேர்வு நாளன்று மருத்துவமனை அலுவலக மேலாளர் மைதீன் பாட்சா வந்தார். கடையநல்லூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். அரைமணி நேரத்தில் அறுபது பெயர் கொண்ட பட்டியலை ஏற்றிக் கூட்ட வேண்டும், ஒரு கடிதமும் அடிக்க வேண்டும். ஆவுடையம்மாள் பிளாஸ்திரியை உரித்திருந்தாள். "கையில அடின்னு நெனச்சு வேண்டாம்னுருவாங்க மிஸ்" என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். முதல் பத்து வரி நிதானமாகப் போனது. பிறகு பயம் பிடித்ததோ என்னவோ, வேகம் கூடியது. பழைய சத்தம் கேட்டது, விடாமல் பெய்யும் மழை மாதிரி. அந்த வேகத்தில் அடிப்பது பழைய விரல்.

அறுபதாவது வரியில் நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். இடப்பக்கம் ஒட்டி நின்றிருந்தன பாதி எண்கள். பன்னிரண்டு நிமிடம் மிச்சம். கடிதம் தொடங்கவே இல்லை. விட்டுவிட்டுக் கடிதத்துக்குப் போயிருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டியல் முழுதாகத்தான் தெரிந்தது. அவள் இரண்டு எண் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பெயர்ப் பத்தியைத் தொடாமல், எல் எழுத்தை ஒன்றாக மாற்றச் சொன்னாள். எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வலப்பக்கம் போய் நின்றன. அதோடும் அவள் விடவில்லை. திரையில் விரலை வைத்து அறுபது வரியையும் தாளோடு ஒப்பிட்டாள். மணி அடித்தபோது கடிதத்தில் நான்கு வரிதான் இருந்தது.

நேர்காணலுக்கு நான் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தேன். குறையைச் சொல்லாதே, சொன்னாலும் நிறையாக மாற்றிச் சொல் என்று. கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"லெட்டர் ஏம்மா பாதியில நிக்குது?"

"பட்டியல்ல தப்பா அடிச்சிருந்தேன் சார். சரி பண்ணினேன். அதுல நேரம் போயிட்டு."

"என்ன தப்பு?"

எல் எழுத்தையும் ஒன்றையும் பழைய மிஷினையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் கதவருகே தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

"நீங்க பாக்கலன்னாலும் கூட்டல் காட்டிக் குடுத்திரும் சார்."

அவர் சிரிக்கவில்லை. தாளில் எதையோ எழுதிக்கொண்டு, "அடுத்த ஆளை வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. முதல் பெயர் லிங்கேஷ். நான்காவது ஆவுடையம்மாள். நான் கற்றுக்கொடுத்த பதிலை அச்சுப்பிசகாமல் ஒப்பித்த இரண்டு பேர் அதில் இல்லை. என் பாடத்தை எப்படி மாற்றுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் அவள் போகத் தொடங்கி மூன்று நாள் கழித்து போன் செய்தேன். கம்ப்யூட்டர் இன்னும் கொடுக்கவில்லையாம். ஸ்டோர் ரூமில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி வருட வாரியாக அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். லிங்கேஷுக்கு மட்டும் முதல் நாளே இடம் கொடுத்துவிட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது.

"நான் வேணா பாட்சா சார்கிட்ட பேசவாட்டி?"

"வேண்டாம் மிஸ். நீங்க பேசினா நீங்க வாங்கிக் குடுத்ததாப் போயிரும். வேலைய முடிச்சிட்டு தெனமும் சாயந்தரம் நானே போய்க் கேக்குதேன். மொத நாளு பாப்போம்னாரு. நேத்து அடுத்த வாரம்னாரு. இன்னைக்குத் திங்கக்கெழமைன்னுட்டாரு."

"திங்கக்கிழமையும் தரலன்னா?"

"செவ்வாக்கெழமையும் கேப்பேன். அவருக்கு நாள் சொல்லிச் சொல்லி அலுத்துப் போகும்லா" என்றாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "வையுங்க மிஸ், இன்னும் ரெண்டு அலமாரி கெடக்கு."