உள்கைப்பிடி

இதை நம்புங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நேரத்தோடு சொல்கிறேன். அந்த நேரங்கள் என் ஞாபகத்திலிருந்து எடுத்தவை அல்ல. ஒரு பூட்டிலிருந்து எடுத்தவை. பூட்டுக்குப் பயமும் கிடையாது, கற்பனையும் கிடையாது.

ஹோட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் கார்டு பூட்டு விற்பது என் தொழில். பதினோரு வருடம் நானும் ஸ்குரூ அண்ணனும் ஜோடியாகத்தான் ஊர் ஊராகப் போனோம். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ஸ்குரூ கிடக்கும் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அறை பதிவு செய்வது மட்டும் என் பொறுப்பு. "நீ புக் பண்ணா ரூம் ஊருக்கு வெளியேதான்டா இருக்கும்" என்று கிண்டல் செய்வார்.

மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு பெரிய நிறுவனத்தில் எங்கள் பூட்டை இயக்கிக் காட்ட அவர் மட்டும் பெருநகரத்துக்குப் போனார். எனக்குக் காய்ச்சல். படுத்தபடியே போனில் அறை பதிவு செய்தேன். அலுவலகத்திலிருந்து நாற்பது நிமிடத் தொலைவு. காலை 8.40க்கு, அந்த நிறுவனத்துக்குப் போகிற வழியில், மேம்பாலத்தின் மேல் அவருடைய டாக்ஸியில் லாரி மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டார்.

அவருடைய நாற்காலியில் இப்போது அண்ணி வேலை பார்க்கிறார். அந்தப் பெரிய நிறுவனம் எங்களுக்கு இன்னொரு தேதி கொடுத்தது. இந்த ஆர்டரும் போனால் எங்கள் கிளையை மூடிவிடுவார்கள். அண்ணியோடு சேர்த்து ஒன்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த முறை நான் போனேன். ஹோட்டல் தேடும்போது ஒன்றை மட்டுமே பார்த்தேன். தூரம். வரைபடத்தில் அந்த நிறுவனத்தின் வாசலுக்கும் ஹோட்டல் வாசலுக்கும் நடுவே ஒரு சாலை, அவ்வளவுதான். படுக்கை எப்படி, சாப்பாடு எப்படி என்று எதுவும் படிக்கவில்லை. பதிவு செய்து முடித்தபோதும் எதுவும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் ஈறு மரத்துக் கிடக்குமே, மூன்று மாதமாக உள்ளே அப்படித்தான் இருந்தது.

மாலை 6.20க்கு வரவேற்பில் நின்றேன். அங்கிருந்த பெண் இரண்டு கார்டு எடுத்து நீட்டினாள்.

"நான் ஒருத்தன்தாம்மா."

"சாரி சார்... ரெண்டு பேருன்னு நினைச்சேன்."

என் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அறை எண் 412. கதவில் இருந்தது எங்கள் நிறுவனத்துப் பூட்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதில்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து கார்டைக் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும். பச்சை விளக்கு எரியும். உள்ளே ஒரு குட்டி மோட்டார் 'க்ர்ர்' என்று சுற்றி, வெளிக்கைப்பிடியைத் தாழ்ப்பாளோடு இணைக்கும். கார்டு இல்லாவிட்டால் வெளிக்கைப்பிடி சும்மா ஆடும், எதையும் இழுக்காது. உள்கைப்பிடி அப்படியல்ல. தீப்பிடித்தால் ஆள் ஓட வேண்டும் அல்லவா? அதனால் அதற்குக் கார்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ஒரே அழுத்தில் தாழ்ப்பாளும் பின்வாங்கும், நாம் உள்ளே திருகிப் போட்ட கூடுதல் பூட்டும் பின்வாங்கும். பீப் கிடையாது. 'க்ளக்'... அவ்வளவுதான். இரண்டு கைப்பிடிக்கும் தனித்தனித் தண்டு. வெளியே நின்று எவ்வளவு ஆட்டினாலும் உள்ளே இருப்பது அசையாது. எந்தக் கைப்பிடி, எத்தனை மணி, எந்தக் கார்டு என்று ஒவ்வொரு திறப்பும் பூட்டின் நினைவில் பதியும்.

இன்னொன்று. கதவின் தலைமாட்டில் ஒரு இரும்புக் கை இருக்கும். கதவை விட்டால் அதுவே இழுத்துச் சாத்திவிடும்.

7.18. குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். க்ளக்.

வந்து பார்த்தால் கதவு நாலு விரற்கடை திறந்திருந்தது. சரியாகச் சாத்தவில்லை போலும், இரும்புக் கையிலும் எண்ணெய் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அழுத்திச் சாத்தினேன். கூடுதல் பூட்டையும் திருகினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

7.41. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுநாள் காட்ட வேண்டிய மாதிரிப் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டக்... கட்டக்... கட்டக்...

ஒரு சக்கரம் உடைந்த பெட்டியை இழுத்துப் போகிற சத்தம். அண்ணனின் பெட்டி அப்படித்தான் போகும். மேல்மாடியில் யாரோ என்று நினைத்தேன். சத்தம் தார்ச் சாலையில் வருவது போல இருந்தது. அறையில் தரை முழுக்கக் கம்பளம்.

அது என் முதுகுக்குப் பின்னால் கடந்து போனது. கதவுப் பக்கமாக.

க்ளக்.

திரும்பினேன். கதவு பாதி திறந்திருந்தது. இரும்புக் கை இழுக்கவில்லை.

பீப் சத்தம் வரவே இல்லை.

மறுபடி சாத்தினேன். திருகினேன். இந்த முறை கட்டிலில் உட்கார்ந்து உள்கைப்பிடியையே பார்த்தேன்.

8.05.

உள்கைப்பிடி இறங்கியது.

மெதுவாக... அவசரமில்லாத ஒரு கை அழுத்துவது போல.

க்ளக்.

கதவு முழுதாகத் திறந்தது.

அப்படியே நின்றது.

அந்த இரும்புக் கையை மீறி ஒரு கதவு சும்மா நிற்காது. யாராவது தாங்க வேண்டும். வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் இப்படித்தான் தோளால் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்பார். "டைம் ஆச்சு, வாடா" என்பார்.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

எழுந்தேன். ஷூவை மாட்டினேன். கயிறு கட்டினேன். எதற்கு என்று தெரியாது.

இரண்டடி வைத்தேன்.

போன் அடித்தது. 8.06. அண்ணி.

"சாப்பிட்டியா தம்பி?"

"ம்."

"பொய் சொல்றே. குரலே செத்துக் கெடக்கு. இங்க ஒம்போது பேரும் உன்னைத்தான் நெனச்சுட்டு இருக்கோம். ஆபீஸுக்கு எவ்ளோ தூரம்?"

"எதிர்லதான் அண்ணி. ரோட்டைத் தாண்டணும், அவ்வளவுதான்."



"அவரும் அதத்தான் சொன்னாரு தம்பி. மொத நாள் ராத்திரி போன்ல... எதிர்லயே ஒரு ஹோட்டல் இருக்கு, அங்க இருந்தா எட்டே முக்காலுக்கெல்லாம் உள்ள போயிருப்பேன்னாரு. சரி, உன்னைச் சொல்லி என்ன. நாளைக்குப் பாத்துப் போ."

வைத்துவிட்டார்.

கதவு இன்னும் திறந்தே நின்றது.

நான் அதைப் பார்த்துச் சொன்னேன். "இப்ப இல்லண்ணே. நாளைக்கு. எட்டு நாப்பதுக்கு."

இரும்புக் கை மெல்ல இழுத்தது. கதவு சாத்திக்கொண்டது.

ஷூவோடு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்தது.

காலை 8.40க்குக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்தேன். பூட்டை இயக்கிக் காட்டினேன். பதினோரு மணிக்கு ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கை கொடுத்தார்கள். அண்ணிக்குச் சொன்னேன். அழுதார். எனக்குக் கையில் அந்தக் காகிதத்தின் கனம் மட்டும் தெரிந்தது.

அறையைக் காலி செய்யும் முன், ஹோட்டலின் பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டேன். பூட்டு எங்கள் நிறுவனத்துடையது, நினைவகத்தைப் படித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒயரைச் செருகினார். கையிலிருந்த கருவியில் வரிசையாக வந்தது.

மாலை 7.18, உள்கைப்பிடி. 7.41, உள்கைப்பிடி. 8.05, உள்கைப்பிடி. காலை 8.40, உள்கைப்பிடி. அந்த 8.40 மட்டும் நான் திறந்தது.

"நாலு வாட்டி வெளிய போயிருக்கீங்க சார்... இல்ல இல்ல, அஞ்சு." விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

காலை 8.41, உள்கைப்பிடி.

"ரூம் சுத்தம் பண்றவங்களா இருக்கும்" என்றேன்.

"அவங்க வெளியேருந்து கார்டு போட்டுல்ல சார் வரணும்? அது பதினொண்ணே காலுக்கு. இதோ இருக்கு பாருங்க." கருவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க போனப்புறம் உள்ள யாரு சார் இருந்தா?"

அறைக் கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

"ஊருக்கெல்லாம் கார்டு பூட்டு மாட்டறீங்க, நம்ம வீட்டுக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்று என் மனைவி இன்னமும் கேட்கிறாள். எங்கள் வீட்டில் இருப்பது பழைய சாவிப் பூட்டு. அதற்கு நினைவகம் கிடையாது. அப்படியே இருக்கட்டும்.

தினமும் காலை வேலைக்குக் கிளம்பி வெளியே வந்ததும், நான் கதவை உடனே சாத்துவதில்லை. தோளால் தாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறேன்.