பயான் என்று சொல்லிக் கேட்ட பாடம்

"நாள் பூரா ஏசியில நிக்கிற ஆளுக்குக் கெண்டைக்கால் ஏன் இழுக்குது?"

பக்கத்து வீட்டு ஷமீரா சுவருக்கு மேலாக இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூவில் படித்த அறிவியல் உதவவில்லை. பதிலை அவளே கண்டுபிடித்தாள். பெயர்களை மட்டும் மாற்றி அதை எழுதுகிறேன்.

அய்யம்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. கணவர் ஜாஃபர் சாதிக் சீக்கிரமே குவைத்துக்குப் போய்விட்டார். பெரிய கடையில் மேற்பார்வை வேலை, முழுக்க ஏசி என்றார்கள். மாமியார் ரசியா பேகம் கெட்டவர் இல்லை. ஆனால் மகன் திரும்பி வரும்வரை மருமகள் வாசல் தாண்ட என்ன அவசியம் இருக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. மளிகை வீட்டுக்கே வந்தது, மீனும் வந்தது. தெருமுனையில் கும்பகோணம் பஸ்ஸின் ஹாரன் கேட்கும். ஷமீராவுக்கு வெளியூர் என்றால் அவ்வளவுதான்.

கணவர் அனுப்பிய செல்போனில்தான் அவள் ஒரு இணையதளத்தைக் கண்டாள். தமிழில், இலவசமாக, எல்லாப் பாடமும் ஒலிப்பதிவாக இருந்தது. ஆறு ஏன் திசை மாறுகிறது, பஞ்ச காலத்தில் நம் பக்கத்திலிருந்து யாரெல்லாம் கப்பலேறினார்கள், ஒரு ஊரில் பெண்கள் வேலைக்குப் போகாமல் இருப்பது எதனால் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள்.

ஆனால் அவள் போனில் இருக்கும் நேரமெல்லாம் அங்கே அவர் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியுமே. அவ்வளவு நேரம் யாருடன் பேசுகிறாய் என்று கேட்டார். பயத்தில், பயான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மார்க்கச் சொற்பொழிவு என்றதும் அவருக்கு நிம்மதி, மாமியாருக்குப் பெருமை. தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதோடு, இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று தினமும் கேட்கவும் ஆரம்பித்தார்.

எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போன ஆண்கள் எல்லோரும் வீடியோவில் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பின்னால் கூல்டிரிங்ஸ் அலமாரி. இங்கே பெண்களும் காய்ச்சலோடு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, நல்லா இருக்கோம் என்பார்கள்.

அந்தக் கோடையில் ஜாஃபர், கெண்டைக்கால் இழுத்துத் தூக்கம் போகிறது என்றார். ஏசிக் குளிர்தான் என்று மாமியார் தைலம் கொடுத்தனுப்பினார். ஷமீரா அப்போது கேட்டுக்கொண்டிருந்தது சுற்றுச்சூழல் பாடம். கடும் வெயிலில் உழைப்பவர்களுக்கு வேர்வையோடு உப்பும் போய்விடும், கைகால் இழுக்கும், அதையும் மீறி உழைத்தால் ஆள் விழுந்துவிடலாம் என்று சொன்னார்கள். திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்த முறை அவர் பேசியபோது காலரைப் பார்த்தாள். காலருக்கு மேலே கழுத்து, அறுப்புக்குப் போகிறவர்களின் கழுத்தைப் போலக் கறுத்திருந்தது.

சொன்னால் எங்கே படித்தாய் என்று கேட்பார். பொய் வெளியே வரும், போனும் போகலாம். சொல்லாவிட்டால் அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம். கொடியில் துணி காயப்போடும் சாக்கில் கொல்லைக்குப் போய் வீடியோவில் அழைத்தாள்.

"வெயில்ல நிக்கிறவங்களுக்குத்தான் மச்சான் அப்படி இழுக்கும்."

அவர் சிரித்தார். "பயான்ல இதெல்லாமா சொல்றாங்க?"

"அது பயான் இல்ல. இத்தனை நாளும் படிச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். அலமாரி இல்லை, கடை இல்லை. கண் கூசும் வெளிச்சத்தில் கட்டடத்துச் சாரம் நின்றது.

"கடை வேலை அப்பவே போச்சு புள்ள. பக்கத்துக் கடை அலமாரி முன்னாடி நின்னுதான் இத்தனை நாளும் பேசுனேன். பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாத."

உப்புக் கலந்த தண்ணீர் குடிக்கச் சொன்னாள். தலை சுற்றினால், யார் திட்டினாலும் நிழலில் உட்காரச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில், "நீ படி. அம்மாகிட்ட பயான்னே சொல்லு" என்றார்.

உள்ளே வந்ததும் மாமியார் வழக்கம்போலக் கேட்டார். வெயிலில் வேலை செய்பவர்களை நிழலில் உட்காரவைக்க வேண்டுமாம் மாமி என்றாள்.

"மார்க்கத்துல இல்லாததா" என்று ரசியா பேகம் திருப்தியாகச் சொன்னார்.

ஜாஃபர் இன்னும் சாரத்தில்தான் நிற்கிறார். அவள் இன்னும் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறாள். உங்கள் வீட்டு ஆளும் வெயிலில் நின்றுகொண்டு ஏசியில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து இதை அவருக்கு அனுப்பிவையுங்கள்.