சுடாத இலைகள்

பச்சையிலை சூடுபட்டுக் கருகும் நெடி, ஊதுபத்தி வாசனையோடு கலந்து, இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மைசூரின் வெளிவட்டச் சாலைக்கு அப்பால், மனை பிரித்துப் போட்டிருந்த நிலத்தில், கட்டட வேலைக்காரர்களுக்கான தகரக் கொட்டகை ஒன்றில், "ஷெட்டு" என்போம் அதை, ராமாபுரத்திலிருந்து வந்த எங்கள் குடும்பம் இருந்தது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள், இருவரும் கைநாட்டு. எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிச் சீருடை போட்டவள் நான், அந்தக் கர்வம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

ஷெட்டைச் சுற்றித் தொட்டாற்சிணுங்கி மண்டிக் கிடக்கும். கன்னடப் பிள்ளைகளுக்கு அது "முட்டிதரெ முனி", தொட்டால் கோபித்துக்கொள்வது. விரலால் தொட்டால் தொட்ட இலை மட்டும்தான் மூடும். ஆனால், சாமி படத்தருகே புகைந்துகொண்டிருக்கும் ஊதுபத்தித் துண்டை எடுத்துவந்து ஓர் இலை நுனியில் வைத்தால், அந்த இலை ஜோடி ஜோடியாக மடிந்து, காம்பு தொய்ந்து, பிறகு நான் தொடவே தொடாத அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று தண்டு நெடுகச் சாய்ந்துகொண்டே போகும். சற்று நேரத்தில் எல்லாம் விரிந்துவிடும், சுட்டது மட்டும் கருகியபடியே நிற்கும்.

"அதும் உசுருதான்டி" என்று அம்மா வைவாள்.

"உடு புள்ள, அம்முணி டாக்டருக்குப் படிக்கறா" என்பார் அப்பா.

"ஆமாமா, சூடு வெக்கற டாக்டரு!"

ஒரு விடுமுறைக் காலையில் அப்படிச் சுட்டுவிட்டு, இலைகள் விரியக் காத்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கட்டடத்துக்கு அனுப்பும் பெண்களின் வரிசையில், அந்தக் கோடியில் நின்றவர் சட்டியைக் கீழே வைத்தார். கலவை மிஷின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்தவர் வைத்தார், அதற்கடுத்தவர் வைத்தார். கைகள் தொங்கின, தலைகள் கவிழ்ந்தன. அது வரிசை நெடுக வந்து, இந்தக் கோடியில் நின்ற என் அம்மாவை எட்டியது.

"யாருக்கு என்னாச்சுங்கக்கா?" என்றாள் அம்மா. பக்கத்தில் நின்ற மாதம்மா அக்கா அம்மாவின் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டார்.

அப்பா நின்ற சாரம் சரிந்திருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் செடி விரிந்துவிட்டிருந்தது. அப்பாவின் காரியம் முடிந்ததும் பெண்களின் வரிசையும் மறுபடி கூடியது, அம்மா அதே இடத்தில் நின்றாள். "புள்ளையும் கூட வரட்டும்மா, கைக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார் மேஸ்திரி. "அவ பள்ளிக்கூடம் போவாளுங்க. அவங்கப்பா ஆசைப்பட்டதுங்க" என்றாள் அம்மா. நானும் பள்ளியை விடவில்லை.

இப்போது அந்த நிலம் முழுக்க அடுக்குமாடி வீடுகள், வெட்டிவிட்ட புல்தரை. தொட்டாற்சிணுங்கி ஒன்றுகூட இல்லை. அதை நான் கல்லூரி ஆய்வகத்தில் தொட்டியில் வளர்க்கிறேன். காயம்பட்ட இலையிலிருந்து மற்ற இலைகளுக்கு மின்சாரமாகச் செய்தி போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சென்ற மாதம் அம்மாவை அழைத்துப் போய்க் காட்டினேன். ஓர் இலையைச் சுட்டதும், சுடாத இலையில் ஒட்டியிருந்த கம்பி வழியே திரையில் கோடு எழும்பிச் சரிந்தது; அந்த இலை தாழ்ந்தது. டீ கப்பைக் கையில் பிடித்தபடி அம்மா செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி விரிஞ்சிருமா?"

"விரிஞ்சிரும்மா."

"சுட்டது?"

நான் அம்மாவின் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டேன்.