மனைவி இல்லாத வாழ்க்கை வரலாறு

போன சனிக்கிழமை சுவிஸின் ஆரா நகரில் ஒரு புத்தக வெளியீடு. நடராசா அண்ணை தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதியிருந்தார். நான் பேசப் போய்... வம்பில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணை ஊரில் சரித்திர வாத்தியார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒருவர்தான் அவருக்குத் தெய்வம். அந்த மனிதரின் வாழ்வும் கடிதங்களும் அடங்கிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தந்து, "தம்பி, அவரையும் என்னையும் ஒப்பிட்டு மேடையிலை கதையும்" என்றார்.

ரயிலில் போக வர வாசித்தேன். பார்வை மங்கிய மனிதர். ஆவணங்களை அவருக்கு வாசித்துக் காட்டியதும், அவர் சொல்லச் சொல்ல எழுதியதும் மனைவி. வெளியூரிலிருந்து அவளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவள் எழுதிய பதில்கள்? ஒன்றுகூட இல்லை. வெறும் குடும்ப விஷயம் என்று தொகுத்தவர் விட்டுவிட்டாராம்!

பிறகு அண்ணையின் புத்தகத்தைத் திறந்தேன். அகதி முகாம், விசா, சங்கம் தொடங்கியது, சங்கம் உடைந்தது – எல்லாம் உண்டு. தவமணி அக்கா எங்கே? அண்ணை வீட்டிலிருந்து எழுதிய காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து குடும்பத்தை ஓட்டிய மனைவி... ஒரு வரிகூட இல்லை.

மண்டபத்தின் பின்னால் அக்கா வடை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, புத்தகம் வாசிச்சனீங்களோ?"

"வாசிக்கிறதோ? முழுக்க நான்தானே டைப் அடிச்சனான்."

"அப்ப..."

"ஓம் தம்பி. நான் எப்ப வருவன், எப்ப வருவன் எண்டு பாத்துப் பாத்துத்தான் அடிச்சனான். புத்தகமே முடிஞ்சுது."

மேடையில் அந்த அமெரிக்கரின் மனைவியைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "உங்கள் புத்தகத்தை டைப் செய்தது யார், அண்ணை?"

அண்ணை சிரித்தபடி மைக்கை வாங்கினார். "வீட்டுப் பொம்பிளையளுக்கு இந்தப் பேர் புகழ் ஒண்டும் தேவையில்லை, தம்பி."

கைதட்டல் வேறு! அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நேற்று அண்ணை போன் பண்ணினார்.

"தம்பி, அவ இன்டர்லாக்கனிலை தங்கச்சி வீட்டை போயிட்டா. இனி வரமாட்டாவாம்."

"நீங்கள் போய்க் கதைச்சனீங்களோ, அண்ணை?"

"என்னத்தைக் கதைக்கிறது? ரெண்டாம் பாகம் பாதியிலை நிக்குது. லாப்டாப்பையும் கொண்டு போயிட்டா!"

அவர் குரல் உடைந்தது... லாப்டாப்புக்காக.